காணாமற்போன 72 நிமிடங்கள்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். இப்பழமொழியைக் கட்டுரை நோட்டில் நாங்கள் எத்தனையோ முறை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், எங்கள் வீட்டுக் கைப்பேசியினால்தான் விளங்கிற்று. அந்தக் கதையை இவ்வாண்டு மலரில் எழுதுங்கள் என்று சிஸ்டர் சொன்னபோது எங்களுக்குச் சற்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர்களே எழுதினால்தான் பிறருக்குப் பயன்படும் என்று அவர்கள் சொன்னதால் எழுதுகிறோம்.

நாங்கள் உடன்பிறந்த சகோதரிகள் இருவர். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் பொழுது விடிவது கோழி கூவுவதால் மட்டுமன்று, தறிச் சத்தத்தாலும்தான். அப்பா குழித்தறியில் பட்டுப்புடவை நெய்கிறார். அம்மா தார் சுற்றுவாள். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், ஒருவரால் ஆகாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைக் கோத்துக் கொடுக்க அப்பாவின் அருகில் இன்னொருவர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அவ்வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்து வந்தவர் உத்திரமேரூரிலிருந்து வந்து, எங்கள் தெருவிலேயே ஒரு சிறு அறையில் தங்கியிருந்த ஓர் அக்கா. அவரைக் ‘கோர்வை அக்கா’ என்றே அழைப்போம். எங்களுக்குத் தலை பின்னி விட்டதும், சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவரே.

வீட்டில் இருப்பது ஒரேயொரு பொத்தான் கைப்பேசி. ஜரிகை வந்துவிட்டதா, சாயம் போட்ட பட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்கும், ஆரணியில் உள்ள மாமாவோடு பேசுவதற்கும் அது போதும் என்பது அப்பாவின் கருத்து. அதற்கேற்ப 28 நாட்களுக்கு 200 நிமிடம் பேசலாம் என்ற திட்டத்தில் முன்பணம் கட்டி வைத்திருந்தோம். அம்மா சிக்கனமானவள். பேசி முடித்ததும் கைப்பேசியில் தெரியும் நேரத்தைப் பார்த்து, பழைய காலண்டர்த் தாள்களைத் தைத்த ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். கோர்வை அக்கா சனிக்கிழமை மாலையில் தம் தாயாரோடு பேசுவார். அவரும் அந்த நோட்டில் தம் கையாலேயே எழுதிவிட்டு, வேண்டாம் என்றாலும் கேளாமல், பத்து ரூபாயைத் தறிமேடையில் வைத்துவிட்டுப் போவார்.

இவ்வாறிருக்க, பத்தொன்பதாம் நாள் காலையில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. 200 நிமிடங்களும் தீர்ந்துவிட்டன என்பதே அது. அம்மா திடுக்கிட்டாள். நோட்டை எடுத்து மூன்று முறை கூட்டினோம். 41 அழைப்புகள், 128 நிமிடங்கள். அப்படியானால் 72 நிமிடங்கள் எங்கே போயின? சேவை மையத்துக்குப் போன் செய்து கேட்டோம். “கணினியில் 200 என்றுதான் காட்டுகிறது. கணினி தவறு செய்யாது” என்றார் பேசியவர்.

கணினி தவறு செய்யாது என்றால் தவறு செய்தவர் மனிதர்தாமே? அம்மா எங்களைக் கேட்டாள். நாங்கள் பேசவில்லை என்றோம். அப்பா பேசியதெல்லாம் நோட்டில் இருந்தது. பிறகு வீட்டில் எஞ்சியிருந்தவர் ஒருவரே. யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தறிக்குப் பக்கத்து ஜன்னலில் எப்போதும் இருக்கும் கைப்பேசியை எடுத்துப் போய் உள்ளறையில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்தோம். அம்மா சொல்லி வைக்கவில்லை, நாங்களாகவே வைத்தோம். இதனை மறைக்காமல் எழுதுகிறோம்.

சனிக்கிழமை வந்தது. கோர்வை அக்கா வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்தார், வெற்று ஜன்னலைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த பத்து ரூபாயை அவிழ்க்காமலே போய்விட்டார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. தாயாருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தறியில் ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டிய புடவை பாதியில் நின்றது. அம்மா கோர்வைக்கு உட்கார்ந்தாள். பழக்கமில்லாத கை; ஒரு நாளில் ஆகும் வேலை இரண்டு நாளுக்கு இழுத்தது. அடுப்பு வேலையும் தார் சுற்றும் வேலையும் எங்கள் தலையில் விழுந்தன. அன்றிரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “நமக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுக்கிறாங்க. நெய்த புடவையையும் நிறுத்துத்தான் வாங்குறாங்க. எடை ரெண்டு கிராம் குறைஞ்சா என் முகத்தைப் பார்ப்பாங்க பாருங்க, ஒரு பார்வை. சேதாரம்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனாலும் பார்ப்பாங்க. அந்தப் பார்வையை நான் முப்பது வருஷமா சுமக்கிறேன். அதை நம்ம வீட்டிலேயே ஒருத்திக்குக் கொடுத்துட்டோமே!”

எங்களுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் நீதிபோதனை வகுப்பு. நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆயினும் அவ்வகுப்பு எங்களுக்கு மிகவும் பிடிக்கும். பிறர்மீது பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளையை சிஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். பொய்ச்சாட்சிக்கு வாய் வேண்டுமென்பதில்லை, ஒரு பொருளை இடம் மாற்றி வைப்பதும் சாட்சியாகலாம் என்று எங்கள் நெஞ்சு எங்களுக்குச் சொல்லிற்று. வகுப்பு முடிந்ததும் அவர்களிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டோம். சிஸ்டர் எங்களுக்குக் கணக்கும் கற்பிப்பவர்கள். கடிந்துகொள்ளவில்லை. “முதலில் கணக்கைப் பார்ப்போம். நோட்டைக் கொண்டு வாருங்கள்” என்றார்கள்.

நோட்டைப் பார்த்ததும் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “உங்கள் அம்மா நிமிடத்தை மட்டும் எழுதியிருக்கிறார்கள். நொடிகள் எங்கே?”

அப்போதுதான் தொலைபேசிக் கணக்கின் அடிப்படையை அறிந்தோம். பேச்சை அளப்பதற்கு ஓர் அலகு உண்டு. சிஸ்டர் சிறுமியாக இருந்த நாளில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டால் மூன்று நிமிடம் ஓர் அலகாம். ஒரு நிமிடத்தில் பேசி முடித்தாலும் மூன்று நிமிடக் காசு கொடுத்தாக வேண்டும். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால் சாப்பிட்டுவிட்டு வந்து மக்கள் வரிசையில் நிற்பார்களாம். நம் நாட்டில் முதல் கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பேசப்பட்டது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுடன் பேசினார். அக்காலத்தில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். அந்த நிலை 2003இல்தான் மாறிற்று. நொடிக்கு ஒரு காசு என்ற கணக்கு 2009இல் பரவலாயிற்று. ஆயினும் எல்லாத் திட்டங்களும் நொடிக்கணக்கு அல்ல. நிமிடத்தை அலகாகக் கொண்ட திட்டத்தில் 61 நொடி பேசினால் இரண்டு நிமிடம் கழியும். மூன்றே நொடி பேசினாலும் ஒரு நிமிடம் கழியும்.

“நிறுவனம் சொல்வதையும் நம்ப வேண்டாம், உங்கள் நோட்டையும் நம்ப வேண்டாம். அழைப்புவாரியான பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை” என்றார்கள் சிஸ்டர். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 1997இல் அமைக்கப்பட்டது. அது 2012ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, முன்பணம் கட்டுபவரும் கடந்த ஆறு மாதத்துக்குள் தாம் பேசியவற்றின் விவரப்பட்டியலைக் கேட்கலாம். 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். மாதப் பில் கட்டும் பெரியவர்களுக்குத்தான் விவரம் கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். எங்களைப் போன்ற சிறிய வாடிக்கையாளருக்கும் அது உண்டு என்று தெரிந்ததும் சற்றுத் தைரியம் வந்தது.

அப்பா கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கொண்டு போய்க் கொடுத்தோம். இருபத்தோராம் நாள் பட்டியல் வந்தது. அதில் 64 வரிகள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் தறிமேடையில் உட்கார்ந்து, எங்களில் ஒருத்தி வாசிக்க மற்றொருத்தி நோட்டோடு ஒத்துப் பார்த்தாள்.

நோட்டிலிருந்த 41 அழைப்புகளும் பட்டியலில் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்றுகூட முழு நிமிடத்தில் முடியவில்லை. அம்மா மிச்ச நொடிகளை ஒவ்வொன்றிலும் விட்டுவிட்டாள். நிறுவனமோ மிச்ச நொடிகளை ஒவ்வொன்றிலும் முழு நிமிடமாக்கிவிட்டது. ஆகவே அழைப்புக்கு ஒன்று வீதம் 41 நிமிட வேறுபாடு. அந்த நொடிகளையெல்லாம் தனியே கூட்டிப் பார்த்தோம். 20 நிமிடம் 40 நொடி வந்தது. அதாவது உண்மையில் பேசியது 148 நிமிடம் 40 நொடி. அம்மாவின் கணக்கு அதற்குக் குறைவு. நிறுவனத்தின் கணக்கு அதற்கு அதிகம். இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருந்தார்கள்.

அடுத்து வந்தவை 22 வரிகள். அவற்றைப் பார்த்ததும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாம் எங்கள் தோழியரின் எண்கள்! பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டோம் என்பதற்கு ஒரு மணி, வீட்டுப்பாடம் முடிந்தது என்பதற்கு இரண்டு மணி என்று ‘மிஸ்டு கால்’ கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு உண்டு. அது இலவசம் என்று நினைத்திருந்ததால் அம்மா கேட்டபோது எங்கள் நினைவுக்கே வரவில்லை. ஆனால் மறுமுனையில் சில நேரங்களில் தோழியோ அவள் தம்பியோ எடுத்துவிடுவார்கள். நாங்கள் உடனே வைத்துவிடுவோம். 22 அழைப்புகளிலும் சேர்த்துப் பேசிய நேரம் 1 நிமிடம் 6 நொடி. கழிந்ததோ 22 நிமிடம்.

இன்னும் 9 நிமிடம் மிச்சம். அது ஒரே வரியில் இருந்தது. ஆரணி மாமாவோடு அப்பா பேசிய 8 நிமிடம் 20 நொடி அழைப்பு, அதே நாள், அதே எண், அதே தொடக்க நேரம், இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒரே கைப்பேசியில் ஒரே நேரத்தில் ஒரே மாமாவோடு இரண்டு முறை பேச யாரால் இயலும்? கணினியும் தவறு செய்யும் என்று அன்று கண்டோம்.

41, 22, 9, கூட்டினால் 72. கணக்கு முடிந்தது. கோர்வை அக்காவின் பேரில் ஒரு நொடிகூடக் கூடுதலாக இல்லை. மூன்று சனிக்கிழமைகளில் அவர் பேசிய மூன்று அழைப்புகளும் அவர் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தன. எங்கள் இருவரின் 22 மட்டுமே எந்த நோட்டிலும் இல்லை.

அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “கணக்குப் பார்க்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்புச் சொல்லிட்டோம்” என்றாள்.

அந்த ஒன்பது நிமிடத்துக்காக 198 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டோம். முதலில் வந்த பதில், எல்லாம் சரியாக இருக்கிறது என்பதே. பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு, இரட்டைப் பதிவான வரியைக் கோடிட்டு எழுதினோம். மேல்முறையீட்டுக்கும் கட்டணமில்லை. ஒன்பது நிமிடமும் திரும்பக் கிடைத்தது. “ஒன்பது நிமிஷத்துக்கா இத்தனை பாடு?” என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். “கரையில் ஒன்பது இழை விட்டுப்போனா சிரிப்பீங்களா?” என்று அப்பா கேட்டார்.

நமக்கு மட்டுமா இத்தகைய வழக்கு? ஆமதாபாத்தில் ஒருவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த கைப்பேசிப் பில், 2013ஆம் ஆண்டு இறுதியில் ஒரே மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 காசு என்று வந்தது. அவர் 2014இல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தொலைபேசிப் பில் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாகாது, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி நடுவரிடமே போக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2009இல் ஒரு வழக்கில் சொல்லியிருந்ததை நிறுவனம் எடுத்துக் காட்டிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2022 பிப்ரவரி 16ஆம் நாள், நுகர்வோர் மன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒரு தனிமனிதர் விடாமல் கேட்டதனால், இன்று நாட்டிலுள்ள எல்லா வாடிக்கையாளருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

ஆனால் எங்கள் வழக்கில் வெளியே திறந்த கதவு போதாது; எங்கள் வீட்டு வாசலில் நாங்கள் அடைத்த கதவையும் திறக்க வேண்டியிருந்தது. ஆடி மாதம் முதல் ஞாயிறு, அம்மாவுடன் பேருந்தேறி உத்திரமேரூருக்குப் போனோம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருப்பதைச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. அன்று வரலாற்றுப் பாடமாக மட்டும் படித்தோம். இந்த முறை அந்தக் கோயிலைப் பேருந்து கடந்தபோது எங்களால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாங்களும் கணக்குக் காட்டாதவர்கள்தாமே!

கோர்வை அக்காவின் தாயார் திண்ணையில் படுத்திருந்தார். உடல்நலமின்மை உண்மைதான். அக்கா எங்களைக் கண்டதும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அம்மா பேச வாயெடுத்தாள், நாங்கள் முந்திக்கொண்டு, பட்டியலை அவர் மடியில் வைத்து, 22 வரிகளையும் காட்டி, “இதெல்லாம் நாங்க பேசினதுக்கா. உங்களை நினைச்சு போனை எடுத்து உள்ளே வெச்சதும் நாங்கதான். மன்னிச்சிடுங்க” என்றோம்.

அவர் பட்டியலைப் பார்க்கவேயில்லை. மடித்து எங்களிடமே கொடுத்தார். “நீங்க கேட்டிருந்தா நான் கோவிச்சிருக்க மாட்டேன்டி. கேட்கலியே, அதுதான்” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புடவை எவ்வளவு தூரம் வந்திருக்கு? உங்கம்மா கோர்வையிலே இழை தொங்குமே!” என்று சிரித்தார்.

தாயாருக்கு உடல் தேறியதும் அவர் வந்துவிட்டார். ஆவணிப் புடவை ஒன்பது நாள் தாமதமாகத் தறியிலிருந்து இறங்கிற்று. அதற்காகக் கூலியில் பிடித்தமும் ஆயிற்று. இழந்த தொகையில் எத்தனையோ மாதம் பேசியிருக்கலாம். ஆனாலும் அப்பா எங்களைத் திட்டவில்லை. அவர் செய்தது ஒன்றே. கைப்பேசியை எடுத்துப் பழைய இடத்தில், ஜன்னலில், வைத்தார்.

இப்போது எங்கள் வீட்டு நோட்டில் நிமிடத்தோடு நொடிக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறோம். பேசி முடித்ததும் திரையில், இவ்வளவு கழிந்தது, இவ்வளவு மீதி என்று ஒரு செய்தி வரும். அதைத் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. படிக்க வேண்டியது நம் கடமை. முன்பெல்லாம் அவசரத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தி அதை விரட்டிவிடுவோம். இப்போது படித்துவிட்டே வைக்கிறோம். இணையம் வேண்டாதவர்களுக்காகப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்தது. நொடியை அலகாகக் கொண்ட திட்டம் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பது 2012 முதலே உள்ள விதி. அன்புத் தோழியரே, உங்கள் இல்லத்தில் பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

நிமிடம் குறைந்தால் பட்டியல் கேளுங்கள், பட்டியலில் பிழையிருந்தால் புகார் செய்யுங்கள், அஞ்ச வேண்டாம். ஆனால் பட்டியல் வரும்வரை வீட்டிலிருக்கும் யாருடைய முகத்தையும் வேறு விதமாகப் பார்க்காதிருங்கள். நிறுவனம் எங்களுக்கு ஒன்பது நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்தது. கோர்வை அக்காவுக்கு அந்த ஒரு சனிக்கிழமை மாலையை எங்களால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. அதற்கு மேல்முறையீடு இல்லை.